மெக்கானிக்குக்கு முன்னால் டிங்கரை அழையுங்கள்

(யானைக்கவுனியில், பழைய கார்களை மீட்டெடுப்பதில் ஆர்வமுள்ளவர்களின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். அவர் பானெட்டைத் திறப்பார். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார். சைலன்சர் புகை நீலமா வெள்ளையா என்று பார்ப்பார். "எஞ்சின் நல்லாயிருக்கு சார், எடுத்துக்கலாம்" என்பார். அட்வான்ஸ் கைமாறிவிடும். சில மாதம் கழித்து அதே வண்டி ஒரு டிங்கரிங் பட்டறையின் மூலையில், கதவுகளைக் கழற்றி, தரைத் தகடு இல்லாமல் நிற்கும். பட்டறைக்காரர் கேட்கும் தொகை வண்டியின் விலையைத் தாண்டியிருக்கும். வாங்கியவர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்தியிருப்பார். வடசென்னைப் பட்டறைகளில் இப்படிப் பாதியில் நின்ற வண்டிகளை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மீட்டெடுப்பதற்காக ஒரு பழைய காரை வாங்கும்போது நீங்கள் விலை கொடுப்பது அதன் தகரத்துக்கு. எஞ்சின் அந்த விலையில் ஒரு சிறு பங்கு. ஆகவே மெக்கானிக்குக்கு முன்னால் டிங்கரை அழையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்? எஞ்சின் தேய்ந்தால் வழி உண்டு. போர் அடிக்கலாம், கிராங்க் கிரைண்டிங் செய்யலாம், பிஸ்டன் மாற்றலாம். பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினால் வேறொரு வண்டியின் எஞ்சினே கிடைக்கலாம். கியர் பாக்ஸ், டைனமோ, கார்புரேட்டர் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். பாடி அப்படிக் கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை. அது போய்விட்டால் அந்த வண்டியே போய்விட்டது. பாடியை அரிப்பது துரு. அந்தத் துருவுக்கு நம் கடலோரத்தைப் போல வசதியான இடம் இந்த மாநிலத்தில் அதிகம் இல்லை.

நாம் கூடியிருக்கும் இந்த யானைக்கவுனியிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகப் போக, பல இடங்களில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு சாலைதான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத்துளி காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி அந்த 75-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. மழையே பெய்யாத நாளிலும், உப்புப் படிந்த இரும்பு நனைந்துகொண்டுதான் இருக்கிறது என்று பொருள்.

இரும்பும் பிராணவாயுவும் நீரும் சேர்ந்தால் துரு. இது பள்ளிப் பாடம். உப்பு என்ன செய்கிறது? அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் பாதுகாப்பாக இருக்கும் மெல்லிய படலத்தைக் குத்தித் துளைக்கிறது. நனைந்த இரும்பில் மின்னோட்டம் எளிதாக ஓடவும் வழி செய்கிறது. அரிப்பு என்பதே ஒரு மின்வேதி வினை. அந்த வினையில் குளோரைடு தீர்ந்துபோவதில்லை. துருவின் அடியில் தங்கி மறுபடி மறுபடி வேலை செய்கிறது. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடும் இதோடு சேர்ந்தால் அரிப்பின் வேகம் இன்னும் கூடும்.

இந்த அரிப்பை ஆராய்வதற்கென்றே நம் மாநிலத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அவர்கள் மண்டபம் கடலோரத்தில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்து, எவ்வளவு கரைகிறது என்று எடைபோட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே பாம்பன். 1914-இல் திறந்த ரயில் பாலத்துக்கு வருடம் முழுவதும் சாயம் பூசிப் பராமரித்தும், அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. பாலத்தின் கனமான கர்டருக்கே அந்தக் கதி என்றால், காரின் தகட்டை நினைத்துப் பாருங்கள். பழைய காரின் பாடித் தகடு பெரும்பாலும் 20 கேஜ். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கடலோரத்தில்தான் தென்னாட்டின் மோட்டார் தொழிலும் வேர்விட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார். 1955-இல்தான் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதே 1955-இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா, அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைக் கட்டியது. உத்தரபாராவிலிருந்து அம்பாசடரும் பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட்டும் வந்தன. இன்று நீங்கள் தேடிப் போகும் வண்டி பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

அந்தக் காலத்து வண்டிகள் கனமான தகட்டில் செய்தவை, ஆகவே துரு பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை விட்டுவிடுங்கள். கனத்தைவிடப் பூச்சுதான் முக்கியம். முழு பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, ஒவ்வொரு இடுக்கிலும் பூச்சு ஒட்டும்படி செய்யும் முறையை 1960-களில்தான் அமெரிக்காவில் ஃபோர்டு கொண்டுவந்தது. இன்று உலகம் முழுவதும் வழக்கத்திலுள்ள கேத்தோடிக் முறை 1970-களின் பிற்பகுதியில் வந்தது. சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் கப்பலுக்காகக் கடற்காற்றில் நிற்கும் புதுக் கார்களைக் காப்பது அந்தப் பூச்சு. ஹெரால்டுக்கும் பழைய அம்பாசடருக்கும் அது கிடையாது. வெளியே நல்ல பெயிண்ட் இருக்கும். மூடிய பெட்டிகளுக்கு உள்ளே பல இடங்களில் வெறும் இரும்பு.

இங்கிருந்துதான் நம் முதல் பாடம் தொடங்குகிறது. காரின் துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. இரண்டு தகடு சேர்ந்து புள்ளி வெல்டு அடித்த மடிப்பில் ஈரம் புகும். காற்றோட்டம் இல்லாததால் காயாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது தகடுகளைப் பிளந்துகொண்டு வளரும். கடைசியில் வெளிப் பெயிண்டில் கொப்புளம் தெரியும். வெளியே நாலணா அளவு கொப்புளம் என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். சக்கரம் அதை அள்ளி அடியில் வீசுகிறது. அதனால் அவர்கள் முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் வண்டியையும் அடியில் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நம் ஊரில் தண்ணீர் மேலிருந்தும் வருகிறது. முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை அந்த வெடிப்பு வழியாக இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்புக்கு அடியில் தேங்குகிறது. ஆகவே முதலில் தரைவிரிப்பைத் தூக்குங்கள். அதற்கு அடியிலுள்ள ஃபெல்ட்டைக் கையால் அழுத்துங்கள். ஈரம் இருந்தால், வண்டி வெயிலில் நின்றாலும் தரை அழுகிக்கொண்டிருக்கிறது.

அடுத்து பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். டிக்கியின் ஓரக் கால்வாயையும், பேட்டரித் தட்டையும் பாருங்கள். பேட்டரி அமிலம் கசிந்த இடத்தில் தகடு சல்லடையாகியிருக்கும். கதவின் அடி மடிப்பில் விரலை ஓட்டுங்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறத் துளைகள் உண்டு. தூசியும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் கதவே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். துருத்தூள் கொட்டினால் விலையைப் பேசும் முன் யோசியுங்கள்.

இனி, உயிர்நாடியான இடங்கள். இங்கே வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றி எடுக்கலாம். எண்ணூரில் பூட்டிய ஏ40-யும் சேசிஸ் வண்டிதான். இப்படிப்பட்ட வண்டியில் பாடி ஓரளவு போயிருந்தாலும் சேசிஸ் உறுதியாக இருந்தால் மீட்கலாம். ஆனால் ஹெரால்டில் பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளைத் தவறாமல் பாருங்கள். அவை முதலில் அழுகுகின்றன.

அம்பாசடரும் ஃபியட்டும் வேறு வகை. அங்கே பாடியே சேசிஸ்; இதை மோனோகாக் என்பார்கள். கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பெட்டி, தரை, குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகின்றன. சில் அழுகிய அம்பாசடர் நடுவில் தொய்யும். முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பாரின் பின்முனை பழைய அம்பாசடர்களில் தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிணைந்திருக்கிறது. பின்னால் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடம் இருக்கிறது. இவை இரண்டும் போனால் ஓட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்து. ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடமும் பிரேக் பைப்பும் அப்படித்தான்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஜாக் வைக்க வேண்டிய இடத்தில் ஜாக்கை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். ஜாக் தகட்டுக்குள் புதைந்தால் விடை கிடைத்துவிட்டது. புதையாவிட்டால் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடித்தாலோ, இடைவெளி மாறினாலோ, வண்டியின் முதுகெலும்பு தளர்ந்திருக்கிறது. பிறகு கதவைப் பாதி திறந்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். கீல் பின் தேய்ந்து ஆடினால் சின்ன வேலை. கீல் பிடித்திருக்கும் தூணே ஆடினால் பெரிய வேலை.

துருவைவிடப் பெரிய ஆபத்து மூடி மறைத்த துரு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்க மாட்டார்கள். அலங்கரித்த கொம்புக்கு அங்கே விலை கிடையாது. கார் சந்தையில் புதுப் பெயிண்டுக்கு விலை கொடுக்கிறோம். விற்பதற்காக அடித்த புதுப் பெயிண்டைக் கண்டால் ஒரு அடி பின்வாங்குங்கள். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும், மட்கார்டு வளைவிலும், சில்லின் மேலும் ஓட்டுங்கள். குழி நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தகடு ஒலிக்கும், பட்டி மந்தமாகக் கேட்கும். அடியில் பளபளப்பான புதுக் கருப்பு அண்டர் கோட்டிங் மட்டும் இருந்து, மற்றதெல்லாம் பழையதாக இருந்தால், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அனுமதி தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பகலில் போங்கள். கழுவி ஈரமாக நிற்கும் வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் மின்னும். ஆர்சி புக்கில் கோவை, ஈரோடு என்று இருந்தால் உலர்ந்த ஊர் வண்டி என்று நம்பிவிடாதீர்கள். பதிவு எங்கே என்பதைவிட, கடைசிப் பத்து இருபது வருடம் வண்டி எங்கே நின்றது என்பதைக் கேளுங்கள். கொட்டகையிலா, வேப்பமரத்தடியிலா, மண் தரையிலா? 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ நின்ற வண்டியா? அப்படியானால் சில்லுக்குள் சேறு படிந்திருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட் இடுக்கிலும், டேஷ்போர்டின் அடியிலும் வண்டல் கோடு தேடுங்கள்.

துருவுக்கும் காகிதத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. சேசிஸ் எண் பொறித்த இடத்தை முதலில் பாருங்கள். துரு அந்த எழுத்துகளைத் தின்றிருந்தாலோ, அதைச் சுற்றி வெல்டிங் தெரிந்தாலோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் பாடு கஷ்டம்தான். திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தை நீங்கள் சுமக்க வேண்டிவரும். இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவில் காக்கப்பட்ட வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்தப் பதிவு உதவாது. அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைக்கும் பெரும் வேலை நடந்திருக்கக் கூடாது. துரு தின்ற ஹெரால்டை வாங்கி, பாடியைப் பாதிக்கு மேல் புதிதாகக் கட்டினால், அந்தத் தகுதியே கேள்விக்குரியதாகிவிடலாம். நல்ல தகரத்தை வாங்குவது வரலாற்றைக் காக்கும் வழியும்கூட.

வாங்கிவிட்டீர்கள். வேலை தொடங்குகிறது. இங்கும் நம் கடற்காற்றை மறக்கக் கூடாது. மேல் துருவைத் தேய்த்துவிட்டுச் ரெட் ஆக்சைடு அடித்தால் போதாது. குழிகளில் தங்கிய உப்பு அடுத்த மழையில் கொப்புளமாக எழும்பும். நல்ல தண்ணீரால் கழுவி, முழுவதும் காயவைத்து, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். மணல் பீய்ச்சிப் பிளாஸ்டிங் செய்த இரும்பை ஓர் இரவு திறந்து வைத்தாலே இங்கே பழுப்பேறிவிடும். சேசிஸுக்குச் சேண்ட் பிளாஸ்டிங் சரி. பரந்த கதவுத் தகட்டில் அழுத்தமாக அடித்தால் தகடு நெளிந்துவிடும்.

கடைகளில் விற்கும் ரஸ்ட் கன்வர்ட்டர்கள் சிலவற்றில் இருப்பது டேனிக் அமிலம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருக்கும் அதே வினைதான் அது. மேலோட்டத் துருவுக்கு அது உதவும். ஓட்டை விழுந்த தகட்டை எந்தத் திரவமும் தகடாக்காது. அங்கே நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிய வேண்டும். புதுத் தகட்டைச் சிஓ2 வெல்டிங்கில் விட்டு விட்டுப் புள்ளியாகச் சேர்க்க வேண்டும். அழுகிய தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே புதிய ஈரப்பெட்டிதான் உருவாகும். மோனோகாக் வண்டியில் சில்லை வெட்டும் முன் கதவு வாயில் குறுக்கே கம்பி வெல்டு அடித்துத் தாங்கல் கொடுங்கள். இல்லாவிட்டால் பாடி கோணி, பிறகு எந்தக் கதவும் மூடாது.

சாதாரண பிரைமரோடு வண்டியை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்; அது நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். பட்டியும் அப்படியே. வேலை முடிந்த பிறகு சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு கலந்த துருத் தடுப்பானைப் பீய்ச்சுங்கள். வடிகால் துளைகளைத் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை வண்டியின் மேல் இறுக்கிப் போர்த்தாதீர்கள். அதற்கு அடியில் ஈரம் சிறைப்படும். காற்றோட்டமுள்ள கூரைதான் நல்லது.

எதை வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். சில், ஸ்பிரிங் பிடிப்பு, முன் குறுக்குச் சட்டம் மூன்றும் போன மோனோகாக் வண்டியை ஆசைக்காக வாங்காதீர்கள். உதிரி சாமான் எடுப்பதற்காக வாங்குவதென்றால் அந்த விலைக்கு வாங்குங்கள். அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி. அதன் கதவும் மட்கார்டும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டின் உற்பத்தி 1971-இல் நின்றுவிட்டது; அதற்குத் தகட்டைக் கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடாத, பெயிண்ட் மங்கிய, ஆனால் தகரம் உறுதியான வண்டி ஒன்று எதிரே நின்றால், ஓடுகிற அழுகல் வண்டியை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

கையால் அடித்துச் செய்ய வேண்டும் என்றேன். அதைச் செய்யும் மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. மரக்கட்டையும் சுத்தியலும் டாலியும் வைத்துக்கொண்டு, தட்டைத் தகட்டிலிருந்து ஒரு மட்கார்டின் வளைவை எழுப்புகிற டிங்கர்கள் நம் நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள். இன்றைய கார்களில் அடிபட்ட பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள். அந்த வேலைக்கு இந்தக் கைத்திறன் தேவைப்படுவதில்லை. பழைய கார் மீட்பவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு மிஞ்சியிருக்கும் புரவலர்கள். நாமோ டிங்கரை வேலை கெட்ட பிறகு கூப்பிடுகிறோம், கூலியில் பேரம் பேசுகிறோம், அவசரப்படுத்திப் பட்டியால் மூடச் சொல்கிறோம்.

அடுத்த முறை வண்டி பார்க்கப் போகும்போது அவருக்கு அந்த நாளின் கூலியை முழுதாகக் கொடுத்துக் கூட அழைத்துப் போங்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சில்லைத் தட்டி, எழுந்து வந்து "வேணாம் சார்" என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கூலிக்குப் பலமடங்கு உங்களுக்கு மிச்சம். "எடுங்க சார், பண்ணிடலாம்" என்று சொன்னால், அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். ஒரு இளைஞனைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், அவனுக்கும் சம்பளம் கொடுங்கள். அந்தக் கைகள் இல்லாமல் போனால், எவ்வளவு நல்ல வண்டி கிடைத்தாலும் அதை மீட்க நம்மிடம் ஆளிருக்காது.